சத்த அளவு: பூஜ்ஜியம்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு வந்த வாராந்திர அறிக்கையில், இல்லாத ஓர் இயந்திரம் அந்த வாரம் இருபத்தேழு மணி நேரம் வேலை செய்திருப்பதாக ஒரு வரி இருந்தது.

முதல் முறை அவள் அதைத் தாண்டிப் போய்விட்டாள். டவர் கிரேன், பொக்லைன், கான்கிரீட் மிக்சர், ரோலர், ஜெனரேட்டர், தண்ணீர் பம்பு என்று கண் வழக்கமான தடத்தில் இறங்கி, கடைசிப் பக்கத்தின் அடியில் மொத்தம் எண்பத்து மூன்று வகைகள் என்று பார்த்தபோதுதான் நின்றது. அவள் பதிந்தது எண்பத்திரண்டு. எண்ணிக்கையில் அவள் தவறியதில்லை. தவறாததால்தான் அலுவலகத்தில் அவளுக்குப் ‘பட்டியல் அக்கா’ என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

சனிக்கிழமை அரை நாள் என்பதால் ஒரு மணிக்கே எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அறையில் அவளும், தலைக்கு மேல் ஒரு சுற்றுக்கு ஒரு ‘டிக்’ என்று சொல்லும் மின்விசிறியும், சுவருக்கு அந்தப் பக்கம் குளிர்நீர் இயந்திரத்தின் முனகலும்தான். ஜன்னலுக்கு வெளியே கம்பெனியின் யார்டு: பழைய பலகைகள், துருப்பிடித்த சாரக் குழாய்கள், தார்ப்பாய் போட்டு மூடிய இரண்டு மிக்சர்கள். வெயில் அங்கே வேலையில்லாமல் நின்றது. சூடான இரும்பும் பழைய கிரீசும் கலந்த வாசனை, ஜன்னல் சாத்தியிருந்தாலும் உள்ளே வரும்.

அவள் எழுபத்தெட்டில் இருந்து மறுபடி எண்ணினாள். எண்பத்து மூன்றாவது வரியில் ‘சோதனை வகை’ என்று இருந்தது. இடம்: அடித்தளக் குழி. புதன் ஒன்பது மணி நேரம், வியாழன் ஒன்பது, வெள்ளி ஒன்பது.

அடித்தளக் குழியில்தான் அவள் தம்பி பம்பு ஓட்டுகிறான்.

சோதனை வகையை உருவாக்கியவள் அவளேதான். போன செவ்வாய்க்கிழமை, பழைய நோட்டில் இருந்த இயந்திர வகைகளையெல்லாம் புது மென்பொருளுக்கு மாற்றினாள். ஒவ்வொன்றாகப் படிவத்தில் நிரப்பினால் ஒரு மாதம் ஆகும். அதனால் மென்பொருள்காரன், வெளியில் இருந்து வந்து அமைத்துக் கொடுத்துவிட்டுப் போகும் சின்னப் பையன், ஏபிஐ வழியாக அனுப்பக் கற்றுக் கொடுத்தான். படிவம் முன்வாசல், ஏபிஐ பின்வாசல் என்று அவள் புரிந்துகொண்டாள். பின்வாசலில் கட்டுக்கட்டாக இறக்கலாம். யாரும் முகத்தைப் பார்த்து அனுப்புவதில்லை. ஆனால் கட்டை இறக்குவதற்கு முன் ஒரே ஒரு பொய் வரியை அனுப்பிப் பார்ப்பது அவள் முறை. பொய் சரியாகப் போனால் உண்மையும் போகும். அந்தப் பொய் வரி போனது. ‘உருவாக்கப்பட்டது’ என்று ஒரு சொல்லில் பதில் வந்தது.

அவள் மென்பொருள்காரனைக் கூப்பிட்டாள்.

“சொல்லுங்க பட்டியல் அக்கா. சனிக்கிழமை கூட விடமாட்டீங்களா?”

“அந்தச் சோதனை வரியை நீ என்ன பண்ணின?”

“நான் என்ன பண்ணினேன்? ஒத்திகைக்கு அனுப்பினது ஒத்திகையிலேயே கிடக்கும்.”

“நிஜ அறிக்கையில வந்திருக்கு.”

போனின் அந்தப் பக்கம் தட்டில் கரண்டி படும் சத்தம் நின்றது. “ஃபைல்ல முதல் வரி பாருங்க. அனுப்புற முகவரி. ஒத்திகைக்கு ஒண்ணு, நிஜத்துக்கு ஒண்ணுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. மாத்தினீங்களா?”

அவள் கோப்பைத் திறந்தாள். முதல் வரி. நிஜ முகவரி. அவன் சொல்லிக் கொடுத்த அன்று போட்டதை அவள் தொடவே இல்லை.

“மாத்தல,” என்றாள்.

“அவ்வளவுதானே! காகிதத்துல பெத்த பிள்ளை பால் கேக்குமா? விடுங்க.”

“இது கேக்குதே. மூணு நாளா ஒன்பது ஒன்பது மணி நேரம் ஓடியிருக்கு. யார் பதிஞ்சதுன்னு பார்த்தா பேர் காலியா இருக்கு.”

“அப்போ மெஷினே அனுப்பியிருக்கு. ‘நேரத்தைத் தானே அனுப்பும்’னு டிக் பண்ணியிருப்பீங்க.”

“இல்லாத மெஷின் எப்படிடா அனுப்பும்?”

“சைட்ல எவனோ விளையாடுறான். திங்கட்கிழமை பார்த்துக்கலாம், நீங்க வீட்டுக்குப் போங்க.”

வீட்டுக்குப் போங்க. அதை ஏன் அவன் அவ்வளவு அவசரமாகச் சொன்னான்? அவள் போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு யோசித்தாள். உள்ளே போய் எழுதும் சாவி அவனிடமும் இருக்கிறது. போன வாரம் எல்லோர் முன்னாலும் அவன் எழுத்துப்பிழையைச் சொல்லிக் காட்டினாள். அதற்குப் பழி வாங்குகிறானா? அல்லது அடித்தளக் குழியின் என்ஜினீயர், நேரக் கணக்கை உப்ப வைப்பதில் கைதேர்ந்தவர், புது மென்பொருளை ஆழம் பார்க்கிறாரா? இரண்டு பேரையும் அவள் மனத்துக்குள் மாற்றி மாற்றி நிற்க வைத்தாள். யார் மீதும் சந்தேகம் முழுதாக ஒட்டவில்லை.

சரி, முறையாகப் பார்ப்போம் என்று தான் அனுப்பிய பொய் வரியைத் திறந்தாள். கட்டாயக் கட்டங்களைக் காலியாக விட்டால் மென்பொருள் ஏற்காது. அதனால் கைக்கு வந்ததைப் போட்டிருந்தாள். எடை, ஒன்று. அதிக வேகம், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது. ஓட்டுநர் தேவையில்லை. பின்னால் வரும்போது எச்சரிக்கை ஒலி, இல்லை. சத்த அளவு, பூஜ்ஜியம். எரிபொருள் என்ற இடத்தில் டீசல், பெட்ரோல், மின்சாரம், மற்றவை என்று நான்கு இருந்தன. மற்றவை என்று கொடுத்திருந்தாள். நாள் ஒன்றுக்கு எவ்வளவு? ஒன்று. எந்த அலகு என்பதை அவள் தொடவில்லை. லிட்டர் என்று மாற்றாமல் விட்டதால், மென்பொருள் தானாகவே ‘நம்பர்’ என்று எடுத்துக்கொண்டிருந்தது. பலகை இத்தனை நம்பர், குழாய் இத்தனை நம்பர், ஆள் இத்தனை நம்பர் என்று சைட்டில் எண்ணுவார்களே, அந்த நம்பர்.

இடம் என்ற கட்டத்தில் ஏதாவது ஒன்று தேவைப்பட்டது. தம்பி இருக்கும் இடம் என்பதால் கை தானாக அங்கே போயிருந்தது.

புதன்கிழமை மாலை தம்பி பேசியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குழிக்குள் இருந்து பேசினால் எப்போதும் பம்பு இரைச்சலுக்கு மேல் கத்துவான். அவளும் இங்கே பக்கத்து மேஜைக்காரர்கள் சிரிக்கிற அளவுக்குக் கத்துவாள். அன்று அவன் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்டது. “கத்தாத அக்கா, இங்க அமைதியாத்தான் இருக்கு. பம்பு ஓடுது, ஆனா சத்தம் குறைஞ்சு போச்சு. ஆயில் மாத்தினாங்க போல.” அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பையன் காது கெட்டுப்போகாமல் இருக்கும் என்று நினைத்தாள்.

அவள் குழியின் வாசல் வாட்ச்மேனைக் கூப்பிட்டாள். வயதானவர். புது இயந்திரம் எது வந்தாலும் கேட் புத்தகத்தில் எழுதாமல் உள்ளே விடமாட்டார்.

“புதன்கிழமை ஏதாவது புதுசா உள்ள வந்துச்சாண்ணே?”

“வந்துச்சும்மா. காலைல ஏழரைக்கு. நாந்தான் கேட்டைத் திறந்தேன்.”

அவள் பேனாவை எடுத்தாள். “என்ன வண்டி?”

“எழுதலம்மா.”

“பரவாயில்ல, எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. என்ன கலர்?”

 அவர் குரலைத் தாழ்த்தினார்.

“பார்க்கலம்மா. திறந்துட்டு முதுகைக் காட்டிட்டு நின்னேன். உள்ள போயிடுச்சுன்னு தோணினதும் சாத்தினேன்.”

“ஏன் முதுகைக் காட்டிட்டு நின்னீங்க?”

“அதாம்மா தெரியல.” பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, “முப்பது வருஷமா கேட்ல நிக்கிறேன். அப்போ ரோட்டுல அவ்வளவு வண்டி போச்சு. ஒண்ணு கூடக் காதுல விழல. காது அடைச்சிடுச்சோன்னு பயந்துட்டேன்,” என்றார்.

மின்விசிறி ‘டிக்’ என்றது. அவள் அதை நிமிர்ந்து பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்தது.

மணி மூன்று ஐம்பது. குழி ஆட்களின் வருகைப் பதிவைத் திறந்து, அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்தாள். செவ்வாய் பன்னிரண்டு பேர். புதன் காலையும் பன்னிரண்டு. வியாழன் பதினொன்று. வெள்ளி பத்து. இன்று காலை ஒன்பது. ஒவ்வொரு நாளும் ஒரு பெயருக்கு எதிரில் என்ஜினீயர் ஒரே குறிப்பை எழுதியிருந்தார்: சொல்லாமல் போய்விட்டார். கட்டட வேலையில் இது புதிதில்லை. ஆட்கள் வருவார்கள், சொல்லாமல் கொள்ளாமல் போவார்கள். ஆனால் முறை வைத்துப் போவார்களா? நாளுக்கு ஒருவராக?

அறிக்கையில் அவள் இதுவரை பார்க்காத இன்னொரு தாள் இருந்தது. எரிபொருள் நுகர்வு. எண்பத்து மூன்றாவது வகைக்கு மூன்று பதிவுகள்.

புதன், மாலை 4.38. ஒன்று, நம்பர்.

வியாழன், மாலை 4.40. ஒன்று, நம்பர்.

வெள்ளி, மாலை 4.39. ஒன்று, நம்பர்.

அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். தண்ணீர் குடிக்க எழுந்து, குடிக்காமல் திரும்பினாள். சிரிக்கக்கூட முயன்றாள். இது விளையாட்டு. யாரோ வருகைப் பதிவைப் பார்த்து, அதற்குப் பொருந்துகிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை அவன் காதைத் திருகுகிறேன். அப்படிச் சொல்லிக்கொண்டே அவள் விரல்கள் தம்பியின் எண்ணை அழுத்தின.

“என்னக்கா, இந்த நேரத்துல?”

“எங்க இருக்க?”

“குழியிலதான். பாட்டு கேட்டுக்கிட்டு தூங்குறேன்னு நினைச்சியா? ஊத்து விடாம வருது, அஞ்சு மணி வரைக்கும் பம்பை விட்டு நகர முடியாது.”

“கூட யாரு?”

“நானும் தவளையும். மத்தவங்க ஒரு மணிக்கே மேல போயிட்டாங்க, அரை நாள்தானே.”

நாளுக்கு ஒன்று. இன்றைக்கு அங்கே இருப்பதே ஒன்று.

“நீ மேல வா,” என்றாள். “இப்பவே.”

“என்ன விளையாடுறியா? பம்பை விட்டா ராத்திரிக்குள்ள குழி நிறைஞ்சிடும். என்ஜினீயர் என் தோலை உரிச்சுக் காயப் போடுவார்.”

“காயப் போடட்டும். சொல்றதைக் கேளு, ஏணியில ஏறு.”

“ஏணின்னதும் ஞாபகம் வருது,” என்றான். “இங்க ஏணிக்கு அடியில மூணு ஜோடி செருப்பு கிடக்குக்கா. மூணு நாளா ஒண்ணொண்ணா சேருது. போனவனுங்க செருப்பை விட்டுட்டா போவானுங்க? அதுவும் ஒழுங்கா, ஜோடி ஜோடியா, சுவரைப் பார்த்து…”

அவன் குரல் தேய்ந்தது. கிணற்றுக்குள் இறங்குவதுபோலத் தேய்ந்தது. அதற்குப் பின்னால் இருந்த பம்பின் மெல்லிய இரைச்சலும் போனது.

“டேய்.”

ஒன்றுமில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இணைப்பு அறுபடவில்லை. விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. வெறும் மௌனம் என்றால் அதில் ஒரு கரகரப்பு இருக்கும், காற்று இருக்கும். இதில் அது கூட இல்லை.

மணி நான்கு இருபத்திரண்டு. குழிக்கு இங்கிருந்து இரண்டு மணி நேரம்.

இன்னொரு போனில், மேஜையில் இருந்த அலுவலகத் தொலைபேசியில், வாட்ச்மேனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மணி அடிப்பது அவருக்குக் கேட்டிருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள் கணினி முன் உட்கார்ந்தாள். வரிசை தவறவில்லை. பின்வாசல் வழியாக வந்ததைப் பின்வாசல் வழியாகவே அனுப்ப வேண்டும்.

முதலில் நீக்கச் சொல்லி அனுப்பினாள். ‘இயக்கத்தில் உள்ள வகையை நீக்க முடியாது.’

எரிபொருள் அளவைப் பூஜ்ஜியம் ஆக்கினாள். ‘பூஜ்ஜியத்தை விடப் பெரிய எண் தேவை.’

அரை என்று அனுப்பினாள். ‘இந்த அலகுக்கு முழு எண் மட்டுமே.’ அதைப் படித்த பிறகுதான், அரை என்பதை அது ஏற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

அலகை லிட்டர் என்று மாற்றினாள். ‘நுகர்வு தொடங்கிய பின் அலகை மாற்ற முடியாது.’

நான்கு முப்பத்தொன்று.

மீதி இருந்தது ஒன்றுதான். இடமாற்றம். பெட்டியைத் திறந்ததும் கம்பெனியின் இடங்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரில், இப்போது அங்கே இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை. பாலம், நாற்பத்தொன்று. குடியிருப்பு, நூற்றுப் பதினெட்டு. கிடங்கு, ஏழு. அவள் விரல் கிடங்கில் ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணத்தை அவள் தனக்கு மன்னிக்கப்போவதில்லை. கீழே இறங்கினாள். கடைசியில் இருந்தது தலைமை அலுவலக யார்டு. ஆட்கள், பூஜ்ஜியம்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பலகை, குழாய், தார்ப்பாய், வெயில். யாருமில்லை. ஆள் இல்லாத இடத்தில் அது என்ன செய்யும்? பட்டினி கிடக்கட்டும். இடமாற்றம் என்றால் எந்த இயந்திரமும் வந்து சேர அரை நாள் ஆகும். அவளுக்கு இரண்டு நிமிடம் போதும். பை தோளில், சாவி கையில், முன்வாசல் வழியாகத் தெருவுக்கு. திங்கட்கிழமைக்குள் யார்டைப் பூட்டி, யாரையும் உள்ளே விடாமல் ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அனுப்பினாள்.

‘மாற்றப்பட்டது.’

போனில் இருந்து இரைச்சல் வெடித்தது. பம்பு, தண்ணீர், தவளை, எல்லாவற்றுக்கும் மேலே தம்பியின் கத்தல்.

“அக்கா! கேக்குதா? அக்கா! எவ்வளவு நேரமா கத்துறேன், என் குரல் எனக்கே கேக்கலக்கா!”

“கேக்குதுடா. கேக்குது.” அவளுக்கு அழுகை வந்தது. “உனக்கு ஒண்ணும் இல்லையே?”

“இல்ல. ஆனா…” அவன் தொண்டையைச் செருமினான். “நான் செருப்பைக் கழட்டி வச்சிருக்கேன்க்கா. ஏன்னு தெரியல. சுவரைப் பார்த்து நின்னுட்டிருந்தேன்.”

“என்ன பார்த்த?”

“ஒண்ணும் பார்க்கல. முதுகுப் பக்கம் இருந்துச்சு.”

“ஏணியில ஏறு. செருப்பு வேண்டாம், பம்பு வேண்டாம். போனை வைக்காம ஏறு.”

“ஏறுறேன், ஏறுறேன்.” இரும்புப் படியில் வெறுங்கால் படும் சத்தத்தை அவள் ஒவ்வொன்றாக எண்ணினாள். குழிக்கு இருபத்தாறு படிகள் என்று அவன் ஒருமுறை சொல்லியிருந்தான். இருபத்தாறும் வந்தன. மேலே காற்று மைக்கில் மோதியது. எங்கோ ஒரு வண்டி ஹாரன் அடித்தது. வாட்ச்மேன் யாரையோ திட்டினார். அவள் கண்ணை மூடி மூச்சை விட்டாள்.

கண்ணைத் திறந்தபோது திரையில் யார்டின் பக்கம் இருந்தது. அணைத்துவிட்டுப் போகலாம் என்று கை நீண்டது.

பொறுப்பாளர் என்ற கட்டத்தில் அவள் பெயர் இருந்தது. சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கும் சொந்தப் பெயர். இடமாற்றம் செய்தவரையே மென்பொருள் பொறுப்பாளராக எடுத்துக்கொண்டிருந்தது. பொறுப்பாளர் ஆளில்தானே சேர்த்தி.

யார்டு. ஆட்கள், ஒன்று.

அதன் கீழே இயந்திரத்தின் நிலை. ‘வழியில்’ என்று இருந்தது. ஆறு மணி நேரம் இருக்கும், குறைந்தது மூன்று மணி நேரம் என்று மனம் கணக்குப் போட்டது. போட்டுக்கொண்டே இருந்தபோது அந்தப் பொய் வரியில் தான் ஒருமுறை கூடத் திரும்பி யோசிக்காத ஒரு கட்டம் நினைவுக்கு வந்தது. அதிக வேகம். மூன்று ஒன்பதுகள்.

நிலை மாறியது.

‘வந்து சேர்ந்தது.’

மணி நான்கு முப்பத்தெட்டு.

“அக்கா, மேல வந்துட்டேன்,” என்றான் தம்பி. “நீ ஏன் பேச…”

குளிர்நீர் இயந்திரத்தின் முனகல் நின்றது. அவள் மின்விசிறியின் ‘டிக்’குக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இறக்கைகள் காற்றை வெட்டின. காற்று முகத்தில் பட்டது. சத்தம் இல்லை. தம்பியின் பெயரைச் சொன்னாள். தொண்டை அதிர்ந்தது, உதடு அசைந்தது. சத்தம் இல்லை. போனில் விநாடிகள் ஓடின.

வாசல். முன்வாசல். எழுந்தாள்.

எழுந்தவள் கதவை நோக்கித்தான் நடந்தாள் என்று நினைத்தாள். முன்னால் சுவர் இருந்தது. காரை பெயர்ந்த வெள்ளைச் சுவர். யார்டு ஜன்னல் முதுகுக்குப் பின்னால். எப்படித் திரும்பினாள் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கழுத்து திரும்பவில்லை.

சுவரில் ஜன்னல் வெளிச்சம் சதுரமாக விழுந்திருந்தது. அதன் நடுவே அவள் நிழல். சூடான இரும்பு வாசனை அறைக்குள் கனத்தது. சதுரத்தின் அடி ஓரத்தில் இருந்து வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவசரமில்லாமல். அவள் நிழலின் இடுப்பு போனது. தோள் போனது.

காலடியில் தரை சில்லென்று இருந்தது.

குனிந்து பார்த்தாள். அது மட்டும் முடிந்தது. அவளுடைய செருப்பு இரண்டும் கழன்று, சுவரைப் பார்த்து, ஜோடியாக, ஒழுங்காக இருந்தன.